பத்து நிமிடத்துக்குள் ஒரு மணி நேரம்

பத்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடி போனாலும் எனக்குப் பிரயோஜனமில்லை என்று நான் சொன்னதும் ஹிதாயத்துல்லா பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கடைக்காரர், ஐம்பது வயதிருக்கும், கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவின் ஒரு முதல் மாடியில், மூன்று சுவரும் அட்டைப்பெட்டிகளாகவே நிற்கும் இந்தக் கடையில் காலை பதினொன்றிலிருந்து என்னைச் சகித்துக்கொண்டிருக்கிறார். நுழைந்ததும் "பையனுக்கா மேடம், கேமுக்கா?" என்று கேட்டார். எனக்குப் பையன் இல்லை, கேமும் இல்லை. "காத்துக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதனால்தான் பக்கத்துக் கடைக்குப் போகாமல் இங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடலூரில் பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராக இருக்கிறேன், பெயர் இளவரசி, துறைமுகத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம், அண்ணன் கடலுக்குப் போகிறான், மறுநாள் எங்கள் கரைக்கு நேராகக் காற்று எப்படி அடிக்கும் என்று வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறேன், அந்தக் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொன்னதில் முக்கியமான ஒன்று இல்லை என்று எனக்கே தெரிந்து, மேஜையிலிருந்த திருப்புளியை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தேன்.

இருக்கிற பணத்தில் பிராசசரைப் பெரிதாக வாங்கினால் மதர்போர்டு சின்னதாகிவிடும், மதர்போர்டைப் பெரிதாக வாங்கினால் பிராசசர் சின்னதாகிவிடும், இரண்டையும் பெரிதாக வாங்குகிறவர்கள் இந்த உலகத்தில் எங்கோ இருக்கிறார்கள், அவர்கள் என்னைப் போல ஆறு மாதம் இணையத்தில் அந்நிய மனிதர்கள் போட்டுக்கொள்ளும் சண்டையை எல்லாம் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மூளையை வாங்கு என்கிறான் ஒருவன், அடித்தளத்தை வாங்கு என்கிறான் இன்னொருவன். எனக்கு இரண்டும் சரியென்றே பட்டது, படிக்கப் படிக்கத் தூக்கம்தான் போயிற்று. காலையில் முதலில் பெரிய பிராசசரையே பார்த்தோம், எட்டு கோர், அதைச் சின்ன மதர்போர்டில் மாட்டி, அதன்மேல் அச்சடித்திருக்கும் வேகத்துக்கும் மேலே முடுக்கிவிட்டார். ஓவர்கிளாக் என்பது அவ்வளவுதான், செய்தவன் இதுவரை ஓடலாம் என்று சொன்ன எல்லையைத் தாண்டி ஓடச் சொல்வது. முதல் நான்கு நிமிடம் பறந்தது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அப்புறம் மதர்போர்டில் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் கறுப்புச் சில்லுகள் கொதிக்க ஆரம்பித்தன, நூறு டிகிரி, நூற்றுப் பத்து, போர்டு தானே பயந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டது, பத்து நிமிடம் ஐம்பது நொடி. "மூளை பெருசு மேடம், சோறு போடத்தான் ஆளில்ல" என்றார் பாய். ஐம்பது நொடிதானே, அதற்கா இப்படி முகத்தை வைத்துக்கொள்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேனோ என்னவோ.

ஐம்பது நொடி என்றால் ஐம்பது நொடி இல்லை. நான் கொண்டுவந்த பென் டிரைவில் இருப்பது ஒரே ஒரு மணி நேரக் காற்று. அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்குப் போடப் பத்து நிமிடம் ஆனால், ஒரு முழு நாளுக்கு நான்கு மணி நேரம். உலகத்துக் காற்றையெல்லாம் அளந்து வைத்திருக்கும் தரவுகள் எனக்கு இறங்குவதற்கு ராத்திரி பத்து ஆகும். பத்தும் நான்கும், இரண்டு மணி. மூன்று மணிக்குப் படகுகள் இறங்கும். நடுவில் ஒரு மணி நேரம், அதற்குள் ஆட்களுக்குச் சொல்லி, அவர்கள் அதை நம்பி, ஐஸையும் டீசலையும் திரும்ப இறக்கிவைக்க வேண்டும். ஐம்பது நொடி அந்த ஒரு மணி நேரத்திலிருந்து இருபது நிமிடத்தைத் தின்றுவிடும். என் பழைய கம்ப்யூட்டர் ஒன்பது மணி நேரம் எடுக்கும், பத்தும் ஒன்பதும் காலை ஏழு, காலை ஏழு மணிக்குக் காற்றைப் பற்றி யாருக்கு என்ன, எல்லாரும் அந்தக் காற்றுக்குள்ளேயேதான் இருப்பார்கள். நீ சொன்னது எட்டு மணிக்கு வந்துச்சு பாப்பா, கரெக்ட்டா வந்துச்சு, என்று அண்ணன் ஒரு தடவை கேலி செய்தான். அது கேலி செய்யக்கூடிய காலம்.

இப்போது இரண்டாவது பிராசசர். பாய் அதைச் சதுர உறையிலிருந்து எடுத்து மாட்டுவதற்கு முன் "புடிச்சுப் பாக்கறீங்களா?" என்றார். உள்ளங்கையில் வைத்தார். ஆறு கோர்தான், போன தலைமுறை, ஒரு பிஸ்கட் அளவுகூட இல்லை, விரலை ஓரத்தில் மட்டும் வைக்கச் சொன்னார், கீழே பார்த்தால் பொன்னிறப் புள்ளிகள் வரிசை வரிசையாக, கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு யாரோ கோடு போட மறந்துபோனதுபோல. இத்தனை வருஷம் லேபில் கம்ப்யூட்டர்களைத் துடைத்திருக்கிறேன், திறந்து தூசி ஊதியிருக்கிறேன், ஒரு நாளும் ஒன்றை இப்படித் தனியாகக் கையில் ஏந்தியதில்லை. மணலிலிருந்து எடுத்தது இது. எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிற, தினமும் பெருக்கித் தள்ளுகிற, சோற்றில் ஒன்று விழுந்தால் பல் கூசுகிற அதே வகை மணல். இதற்குள் நூற்றுக்கணக்கான கோடி விசைகள். முடுக்கிவிட்டால் ஒரு நொடிக்கு நானூற்றைம்பது கோடித் துடிப்பு. எண்பது வயது வரை வாழ்கிற மனுஷனுடைய இதயம் மொத்தமாக முந்நூறு கோடி தடவை துடிக்கும் என்று ஒருநாள் சும்மா பெருக்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு முழு ஆயுள் ஒரு நொடிக்குள் முடிந்து, அடுத்த ஆயுளும் பாதி தாண்டியிருக்கும். இருபத்தேழு வயதென்றால் நூறு கோடி, கால் நொடிகூட இல்லை. ஏன் இருபத்தேழு. வேண்டாம். "மேடம், கை வேர்க்குது, குடுங்க" என்று பாய் வாங்கிக்கொண்டார்.

மாட்டினார், மேலே பசை தடவினார், சூட்டைத் தணிக்கும் விசிறி வைத்த கூலரை இறுக்கினார், எல்லாம் திறந்த மேஜையில், பெட்டியில்லாமல், மதர்போர்டு ஒரு சின்ன ஊர்போல விரிந்து கிடந்தது, அந்தக் கறுப்புச் சில்லுகளுக்குமேல் இந்தத் தடவை தடியான அலுமினியக் கவசம். "இது நல்ல போர்டு. கரண்ட்டை சமமா குடுக்கும், ஆடாது. முதல்ல எழுதியிருக்கிற வேகத்துலயே ஓட்டிடுவோம்" என்றார். அதைத்தான் நானும் கேட்க இருந்தேன். எழுதியிருக்கிற வேகத்தில் வரும் விடைதான் அளவுகோல், முடுக்கின பிறகு வரும் விடை எழுத்துக்கு எழுத்து அதோடு ஒத்துப்போக வேண்டும். திரையில் வரிகள் வர ஆரம்பித்தன. ஒரு வரி என்பது கடல்மேல் பதினெட்டு நொடி. எங்கள் கரையையும் கடலையும் மேலே மேகம் வரைக்கும் பதினாறு லட்சம் பெட்டிகளாக வெட்டியிருக்கிறேன், ஒவ்வொரு பெட்டியிலும் காற்று எந்தப் பக்கம், ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு, பக்கத்துப் பெட்டி இதை எவ்வளவு தள்ளுகிறது, பதினாறு லட்சத்துக்கும் கேட்டு, பதினாறு லட்சத்துக்கும் பதில் எழுதி, அப்புறம்தான் ஒரு வரி. இருநூறு வரி ஒரு மணி நேரம். எட்டு மணி பதினெட்டு நொடி. எட்டு மணி முப்பத்தாறு நொடி. நவம்பர் மாதத்து ஒரு காலை.

வேறு நாள் இல்லையா என்னிடம். இருக்கிறது, நூற்றுக்கணக்கில் இருக்கிறது. வெயிலும் வாடையும் சும்மா அடித்த நாட்கள், ஒன்றும் நடக்காத நாட்கள். காலையில் பஸ் ஏறுவதற்கு முன் பென் டிரைவில் போடும்போது எந்த நாளாக இருந்தால் என்ன, கணக்கு கணக்குதான் என்று சொல்லிக்கொண்டேதான் இந்த நாளைப் போட்டேன். அந்த நவம்பர் காலைக்கு முந்தின சாயங்காலம் எங்கள் ஊர் டீக்கடையில் மணவாளன் நின்றிருந்தான். அண்ணன் படகில் போகிற பையன், பையன் என்ன, இருபத்தேழு வயசு, போன தையில்தான் கல்யாணம். "அக்கா, நாளைக்குக் காத்து எப்டி?" என்றான். "காலையில சொல்றேன்" என்றேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் பேசவில்லை. அவன் டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்தான், நான் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். காலையில சொல்றேன். அதில் ஒரு தப்பும் இல்லை, உண்மையும் அதுதான், காலையில்தான் எனக்குத் தெரியும், ஆனாலும் எந்த வேலை செய்தாலும் அந்த மூன்று நொடிக்குள் போய்க் கால் இடறுகிறது, பல் தேய்க்கும்போது, லேபில் வருகைப் பதிவு எடுக்கும்போது. பலத்த காற்று வீசக்கூடும் என்று நாலு நாளாக ரேடியோவில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், பொதுவாக, மாவட்டம் முழுக்க. மூன்று நாள் போகாமல் இருந்தார்கள், நாலாம் நாள் வானம் தெளிந்தமாதிரி இருந்தது, போனார்கள். ஏழு மணிக்கு என் கணக்கு முடிந்தது. படத்தைத் திறந்தேன். கரையிலிருந்து பதினாலு கிலோமீட்டரில் எட்டரை மணிக்கு ஒரு சிவப்புச் சுருள். போன் அடித்தேன், அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன், அங்கே டவர் கிடையாது என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நாலு பேர் போனது. மூன்று பேர் வந்தார்கள்.

"பதினோரு நிமிஷம் நாப்பது செகண்டு" என்றார் பாய். திடுக்கிட்டேன். ஒரு மணி நேரக் காற்று அவர் மேஜையில் அடித்து ஓய்ந்திருந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. விடையைத் தனிக் கோப்பாக எடுத்துவைத்துக்கொண்டேன். "இப்ப ஏத்தறேன்" என்றார். நீலத் திரையில் எண்களை ஒவ்வொன்றாக மாற்றினார், வோல்டேஜில் ஒரு துளி, வேகத்தில் ஒரு துளி, ரேம் என்கிற நினைவகத்தின் வேகத்தையும் கூட்டினார், சமையல் செய்பவர் உப்பு போடுவதைப்போல யோசித்து யோசித்து. "எல்லாம் ஒரே பட்டறையில வந்ததுதான் மேடம், ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இது எவ்ளோ தாங்கும்னு இதைப் பண்ணினவனுக்கே தெரியாது, ஓட்டிப் பார்த்தாத்தான்" என்றார். தாங்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன், தெரிந்தும் கேட்டேன். "நின்னுடும். இல்ல, ஆஃப் ஆயிடும்." அதற்கு நான் பயப்படவில்லை. நிற்காமல் ஓடிக்கொண்டே, முகத்தில் ஒன்றும் காட்டாமல், பதினாறு லட்சம் பெட்டிகளில் ஏதோ ஒன்றில் மட்டும் தப்பாகக் கூட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டால்? அதற்குத்தான் பயந்தேன். நானூற்று எழுபது கோடி என்று வைத்தார். வரிகள் ஓட ஆரம்பித்தன.

ஓடின என்றால் அப்படி ஓடின. மூன்று நொடிகூட எடுக்காமல் கடலில் பதினெட்டு நொடி, அடுத்த பதினெட்டு, அடுத்த பதினெட்டு. சூட்டைக் காட்டும் எண் எண்பத்தொன்று, எண்பத்து நான்கு, அங்கேயே நின்றுவிட்டது, போர்டு ஆடவில்லை. கூலர் காற்றின் சத்தம் மட்டும். காற்றைக் கணக்குப் போடுகிற ஒன்றைக் காற்று ஊதிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று தோன்றியதும் உடம்பு சிலிர்த்தது. இது என்ன, நான் எதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மாரியம்மன் கோவிலில் கதவு திறந்து தீபாராதனை காட்டும்போதுகூட எனக்கு ஓரக்கண்ணால் செருப்பு ஞாபகம் வரும், இப்போது வரவில்லை, ஒன்றும் வரவில்லை. கீழே தெருவில் ஆட்டோ ஹாரன், சார்ஜர் விற்பவனின் குரல், பக்கத்துக் கடையில் யாரோ ஸ்பீக்கர் சோதிக்கிறான், நடுவில் ஒரு மணல் துண்டு, நடக்கப்போவதை நடப்பதற்கு முன் முழுவதுமாக நடத்திப் பார்க்கிறது. நடக்கப்போவதை இல்லை, நடந்ததை. ஆனால் அதற்கு அது தெரியாது. அதற்கு அந்தக் காலை எட்டு மணி இன்னும் வரவில்லை. எட்டு மணி வரை உள்ளதை மட்டும் கொடுத்திருக்கிறேன், மிச்சத்தை அதுவே கண்டுபிடிக்கிறது. "எட்டு அம்பது!" என்று பாய் சத்தமாகச் சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார்.

எட்டு நிமிடம் ஐம்பது நொடி. நான் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும், அதுதான் முறை, ஆனால் கை படத்தைத் திறந்துவிட்டது. எட்டரை மணி. கரைக்கோடு, எங்கள் குப்பம், அண்ணன் சொன்ன இடத்தில் நான் வைத்திருக்கும் புள்ளி. சிவப்புச் சுருள் அங்கே இல்லை. கீழே இருந்தது, நாலு கிலோமீட்டர் தெற்கே தள்ளி, தனியாக, யாரும் இல்லாத தண்ணீரில். புள்ளியின்மேல் வெளிர் பச்சை. வெளிர் பச்சை என்றால் படகு கொஞ்சம் ஆடும், கூட வருகிறவன் வாந்தி எடுப்பான், வலையை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் படத்தில் மணவாளன் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான், திரும்பி வந்து கரையில் குதித்தான், அவன் பெண்டாட்டி கூடையோடு நின்றாள், டீக்கடையில் என்னைப் பார்த்து என்னக்கா, காலையில சொல்றேன்னியே என்றான். எத்தனை நேரம் அப்படி இருந்தேன் தெரியவில்லை. பழைய கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்பாக இருக்கலாமே, இதுதானே புதுசு, இதுதானே வேகம், என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. என்ன பைத்தியக்காரத்தனம், காற்றே வந்துவிட்டுப் போய்விட்டது, இதில் எந்தக் கணக்கு சரி என்று நான் தேடுகிறேன்.

ஒப்பிட்டேன். எட்டு மணி பன்னிரண்டு நிமிடம் வரை எழுத்துக்கு எழுத்து சரி. அதற்கு அடுத்த வரியில், கடலுக்கு மேலே நாலு கிலோமீட்டர் உயரத்தில், ஒரே ஒரு பெட்டியில் சூடு தப்பு. பக்கத்துப் பெட்டிகள் அதை நம்பின, அவற்றின் பக்கத்துப் பெட்டிகள் அவற்றை நம்பின, பதினெட்டு நிமிடத்துக்குள் ஒரு சூறாவளி இடம் மாறிவிட்டது. பாய் எட்டிப் பார்த்தார். "ஓடுச்சே மேடம்? நிக்கலையே, ஹேங் ஆகலையே?" "கணக்கு தப்பு பாய்." "ஒரு இடத்துலதானே?" "ஒரு இடத்துலதான்" என்றேன். அப்புறம் காலையில் விழுங்கினதைச் சொன்னேன், இந்த நாள் எந்த நாள், இந்தப் புள்ளி எந்தப் படகு, இது தப்பில்லாமல் இருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பான் என்று உளறி, இல்லை, இது தப்பு, தப்பாக இருப்பதால்தான் உயிரோடு இருக்கிறான் என்று திருத்தி, நானே நிறுத்திக்கொண்டேன். பாய் எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தி, வெளியே பார்க்கும்படி 'மூடியுள்ளது' பலகையைத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "எறக்கறேன். எவ்ளோ எறக்கணும்னு நீங்க சொல்லுங்க."

நானூற்று ஐம்பது. இருபது கோடியை விட்டுக்கொடுத்தோம். இந்தத் தடவை வரிகள் கொஞ்சம் நிதானமாக வந்தன, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது, நான் ஒவ்வொன்றையும் படித்தேன். எட்டு பன்னிரண்டு தாண்டியது. எட்டு பதினைந்து. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டேன். சரியாக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், சரியாக ஓடினால் அவன் மறுபடி சாவான், ஆனாலும் வேண்டிக்கொள்கிறேன், இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது. எட்டு இருபத்தெட்டு. எட்டு முப்பது. பாயும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒன்பது மணி. ஒன்பது நிமிடம் முப்பத்தொரு நொடி. ஒப்பிட்டேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை. படத்தைத் திறந்தேன், சுருள் வந்து புள்ளியின்மேல் உட்கார்ந்திருந்தது, வந்தபடியே, அன்றைக்கு வந்த அதே நேரத்துக்கு, அதே பக்கமிருந்து. எனக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு பெரிய காற்றை, எங்கள் குப்பமே சேர்ந்து நின்றும் தடுக்க முடியாத காற்றை, இது ஒரு துளி பிசகாமல் வரைந்துவிட்டது, ஒளிக்கவுமில்லை, குறைக்கவுமில்லை. அதைத் தொட வேண்டும்போல இருந்தது. சூடாக இருக்கும் என்று பாய் கையைத் தடுத்தார்.

இன்னும் இரண்டு தடவை ஓட்டினோம், இரண்டும் சரியாக வந்தன. "பெரிய போர்டு, சின்ன பிராசசர்" என்று பாய் சொல்லிக்கொண்டே பெட்டிகளைக் கட்டினார், கூலருக்குப் பணம் போதவில்லை, இவ்வளவு நேரம் மேஜையில் ஓடிய கூலரையே துடைத்து உள்ளே வைத்தார், நான் பார்த்ததைப் பார்த்து "அது ஓட்டிக் காமிச்சதுதான், வேற போட்டா உங்க கணக்கு மாறிடும், பணம் வேணாம்" என்றார். படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு ஓரமாக நின்று அண்ணனுக்குப் போன் அடித்தேன். கலியமூர்த்தி அண்ணன் எடுத்த எடுப்பில் பேசுகிறவன் இல்லை, பின்னால் யாரோ வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருக்கும் பேச்சுச் சத்தம் கேட்டது. வாங்கிவிட்டேன் என்றேன். "எத்தினி மணிக்குத் தெரியும்?" என்றான். "ரெண்டுக்குள்ளண்ணா. ரெண்டு மணிக்கு முன்னாடியே உனக்குப் போன் பண்ணிடறேன்." "போன் பண்ணாத" என்றான். "போன்ல சொன்னா சரி சரின்னுட்டு எறங்கிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நீ வா. வந்து படகு முன்னாடி நில்லு." "கணக்கு போவாதன்னு சொன்னா?" "போவாதன்னா நகராம நில்லு" என்றான். பக்கத்தில் இருந்த பேச்சுச் சத்தம் நின்றிருந்தது, அவர்களும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஜனங்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள், பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டேன். "நிக்கறேண்ணா" என்றேன்.